புகைப்படத்தை ஓவியமாக்குவோம், மூலப்படத்தைத் தொலைக்காமல்!

"பாலைவனத்தில படம் பிடிக்க என்ன கிடக்கு?"

ஊரிலிருந்து கதைக்கும் உறவுகள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மணலையும் வெயிலையும் விட்டால் இங்கே வேறொன்றும் இல்லை என்றுதான் வந்த புதிதில் நாங்களும் நினைத்திருந்தோம். நாங்கள் ஐந்து பேர், ஷார்ஜாவில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள். எல்லோரும் ஓ.எல். வகுப்போடு படிப்பை விட்டவர்கள். விட்டவர்கள் என்பதைவிட, ஊர் ஊராக இடம்பெயர்ந்ததில் படிப்பு எங்களை விட்டுப் போனது என்று சொல்வதே சரி.

வளைகுடா நாடுகள் எவையும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் கையொப்பமிடவில்லை. ஆகவே காணி, வீடு எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களானாலும் இங்கே நாம் எல்லோரும் விசாக்காரர்கள்தான். அண்மைக் காலமாக எம்மவர்கள் சிலர் மனைவி பிள்ளைகளையும் அழைத்துக் குடியமர்ந்து வருகின்றனர். அவர்களின் வீட்டுக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது வெறும் வெள்ளைச் சுவர். ஒரு சாமிப் படம், ஒரு கலண்டர், அவ்வளவுதான். ஊர்ப் படங்கள் எல்லாம் கைத்தொலைபேசிக்குள்ளேயே கிடக்கின்றன.

அந்தச் சுவருக்கு ஒரு வழி உண்டு. நாமே எடுத்த இயற்கைக் காட்சிகளைக் கணனியில் ஓவியம்போல மாற்றி, அச்சிட்டு, சட்டம் போட்டு மாட்டலாம். ஐந்து பேரும் காசு போட்டு வாங்கிய ஒரு பழைய மடிக்கணனியில் இரண்டு வருடமாக லீவு நாட்களில் இதைப் பழகி வருகிறோம். கற்றுக்கொண்டதையும், இடையில் விட்ட ஒரு பெரிய பிழையையும் இங்கே எழுதுகிறோம். அந்தப் பிழையைச் சொல்வதற்காகவே இக்கட்டுரை என்றாலும் பொருந்தும்.

வன்னி மரம் இங்கேயும் நிற்கிறது

முதலில், எதைப் படம் எடுப்பது?

ஷார்ஜாவிலிருந்து உள்ளே போகும் வீதிகளின் இருமருங்கிலும், மணல்மேடுகளுக்கு நடுவே, தனித்தனியாகச் சில மரங்கள் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். இந்நாட்டவர்கள் அதைக் 'காஃப்' என்கிறார்கள். 2008இல் ஐக்கிய அரபு இராச்சியத்தின் தேசிய மரமாக அதை அறிவித்தார்கள். அது வேறொன்றுமல்ல, எங்கள் வன்னி மரம்! மானம்பூத் திருவிழாவில் வாழையோடு சேர்த்து நாம் அறிந்த அதே வன்னி. பஹ்ரேன் பாலைவனத்தில் தன்னந்தனியே நிற்கும், நானூறு வருடத்துக்கும் மேல் வயது சொல்லப்படும் 'வாழ்வு மரமும்' இதே இனம்தான். மிக ஆழத்துக்கு வேர்விட்டுத் தண்ணீர் தேடிக்கொள்ளும் மரம் இது. முதன்முதலில் இதை அறிந்த நாளில் எங்களில் ஒருவர் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் வீதியைக் கடந்துபோய் அந்த மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

அதுபோல இன்னும் உண்டு. டுபாய் நகரத்துக்குள்ளேயே ராஸ் அல் கோர் என்ற நீர்நிலச் சரணாலயம் இருக்கிறது. 2007இல் ராம்சார் சாசனத்தின் பட்டியலில் சேர்ந்த இடம். குளிர்காலத்தில் அங்கே போனால் மன்னாரில் பார்த்த அதே பூநாரைகள் கூட்டமாக நிற்கும். கிழக்குக் கரையில் கல்பாவில் கண்டல் காடு உண்டு. கட்டாரில் இருப்பவர்களுக்கு அல் தகீராக் கண்டல்கள் இருக்கின்றன. ஓமானில் இருப்பவர்கள் சலாலாவுக்குப் போகலாம். நம் நாட்டுக்கு வரும் தென்மேல் பருவக்காற்றே அங்கும் தூறலைக் கொண்டுவர, ஜூன் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை மலைகள் பச்சையாகிவிடும்.

நேரம் முக்கியம். நடுப்பகலில் இங்கே வானம் வெளிறிப்போய்க் கிடக்கும்; தூசுப்புகாரும் சேர்ந்துவிட்டால் எல்லாம் ஒரே சாம்பல். விடியற்புறமோ, பொழுது சாய முந்திய ஒரு மணித்தியாலமோதான் நல்லது. சூரியன் தாழ இருக்கும்போது மணல்மேட்டின் ஒரு பக்கம் பொன்னாகவும் மறுபக்கம் நிழலாகவும் பிரிந்து நிற்கும். ஓவியமாக்குவதற்கு இப்படிப் பெரிய பெரிய வடிவங்கள்தான் தேவை. இலை இலையாக, கிளை கிளையாக நிறைந்த படம் ஓவியமாக்கினால் குழம்பிப்போகும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஏசி போட்ட அறையிலிருந்து கோடை வெக்கைக்குள் கமராவைக் கொண்டுபோனால் கண்ணாடி வேர்த்துவிடும். பையோடு வெளியில் கொஞ்ச நேரம் வைத்திருந்து பிறகு எடுங்கள். மற்றது, இங்கே படம் எடுப்பதற்குச் சட்டம் உண்டு. இராணுவ இடங்கள், விமான நிலையம், அரண்மனை போன்றவற்றை எடுக்கக்கூடாது. அனுமதியில்லாமல் மனிதர்களை, குறிப்பாகப் பெண்களையும் குடும்பங்களையும் எடுப்பது பெரிய வில்லங்கத்தில் கொண்டுபோய் விடும். மரத்தையும் பறவையையும் எடுப்போருக்கு அந்தத் தொல்லை குறைவு.

கணனி எப்படி வரைகிறது?

புகைப்படத்தை ஓவியமாக்கும் ஆசை இன்றைக்கு வந்ததல்ல. நூறு வருடத்துக்கு முன்பே 'புரோமொயில்' என்ற முறையில் படத்திலிருந்த வெள்ளியை வெளுக்கச் செய்து, அதன்மேல் எண்ணெய் மையைத் தூரிகையால் தட்டித் தட்டி ஏற்றினார்கள். எங்கள் ஊர் ஸ்ரூடியோக்களிலும் கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வர்ணம் பூசிக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்களின் கலியாணப் படங்களில் கன்னம் சிவந்திருப்பது அந்தக் கைவேலைதான்.

கணனியில் இது வந்த கதை சுவையானது. 1976இல் யப்பானில் குவஹாரா என்பவரும் கூட வேலை செய்தோரும், இதயத்தை எடுத்த மருத்துவப் படங்களைத் துப்புரவாக்க ஒரு கணக்கு முறையைக் கண்டுபிடித்தார்கள். விளிம்புகள் கெடாமல் இடைப்பட்ட புள்ளிகளை மாத்திரம் மழமழப்பாக்கும் முறை அது. சாதாரணப் படத்தில் அதைப் போட்டுப் பார்த்தால் தூரிகையால் பூசியதுபோல வந்தது! வைத்தியசாலைக்குச் செய்தது ஓவியக்காரருக்கு உதவியது. 1990இல் 'போட்டோஷொப்' விற்பனைக்கு வந்தது. 1995இல் அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழக மாணவர் இருவர் 'கிம்ப்' என்ற மென்பொருளைச் செய்யத் தொடங்கினார்கள். இது முற்றிலும் இலவசம். 2015இல் ஜேர்மனியின் ரியூபிங்கன் நகர ஆய்வாளர்கள், ஓர் ஓவியரின் பாணியைக் கணனிக்குப் பழக்கி அதை வேறொரு படத்தில் ஏற்றும் வழியைக் காட்டினார்கள். அடுத்த வருடமே அது கைத்தொலைபேசி அப்களாக எல்லோர் கைக்கும் வந்துவிட்டது.

நாங்கள் பாவிப்பது கிம்ப். மாதாமாதம் காசு கட்டத் தேவையில்லை, பழைய கணனியிலும் ஓடும். அதிலுள்ள 'ஓயிலிஃபை' என்பதுதான் எண்ணெய் ஓவியமாக மாற்றும் கருவி. அது என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகும் கதைக்கு இது வேண்டும்.

படம் என்பது பல இலட்சம் சிறு புள்ளிகள். கருவி ஒவ்வொரு புள்ளியையும் எடுத்து, அதைச் சுற்றியிருக்கும் புள்ளிகளை எண்ணிப் பார்க்கிறது. அவற்றுள் எந்த அளவு வெளிச்சம் அதிகமானவற்றிடம் இருக்கிறதோ அந்தக் கூட்டத்தின் நிறத்தையே நடுப்புள்ளிக்கும் கொடுத்துவிடுகிறது. வானத்துக்கு நடுவே ஒரு கம்பி ஓடினால், சுற்றிலும் வானப் புள்ளிகளே கூட என்பதால் கம்பி வானமாகிவிடும். பூநாரையின் மெல்லிய கால் தண்ணீராகிவிடும். சுருங்கச் சொன்னால் பெரும்பான்மை வெல்லும், சிறுபான்மை அழியும். அந்தக் கணக்கு எங்களுக்குப் புதிதா என்ன?

செய்முறை

1. எடுத்த படத்தை முதலில் வேறொரு இடத்தில் பிரதி பண்ணி வையுங்கள். வேலை முழுவதும் பிரதியிலேயே நடக்கட்டும்.

2. அளவைப் பாருங்கள். ஏ4 தாளில் நன்றாக அச்சிட ஏறக்குறைய 3500க்கு 2500 புள்ளிகள் வேண்டும். இன்றைய கைத்தொலைபேசிப் படம் தாராளமாகக் காணும். பழைய 640க்கு 480 படமென்றால் தெளிவாக அச்சிடக்கூடியது ஐந்தரைக்கு நாலு சென்ரிமீற்றர்தான். ஆனால் ஓவியத்துக்கு நுணுக்கம் தேவையில்லை என்பதால், சிறிய படத்தையும் 'ஸ்கேல் இமேஜ்' மூலம் பெருப்பித்துவிட்டு ஓவியமாக்கினால் சுவரில் மாட்டுமளவுக்கு வரும். பழைய படம் வைத்திருப்போருக்கு இது பெரிய வசதி.

3. தூசுப்புகாரை எடுக்க 'லெவல்ஸ்' என்பதைத் திறவுங்கள். மலைபோல ஒரு வரைபடம் தெரியும். அதன் இரு கரையிலுமுள்ள சிறு முக்கோணங்களை மலை தொடங்கும் இடம்வரை உள்ளே நகர்த்தினால் கறுப்பு கறுப்பாகும், வெள்ளை வெள்ளையாகும். அளவோடு செய்யுங்கள்.

4. 'டூப்ளிகேற் லேயர்' கொடுங்கள். லேயர் என்றால் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த தாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தாளில் படம் அப்படியே கிடக்கும். மேல்தாளில்தான் வேலை.

5. மேல்தாளைத் தெரிவுசெய்து 'ஓயிலிஃபை' போடுங்கள். எத்தனை புள்ளி தூரம் வரை சுற்றி எண்ணுவது என்று கேட்கும். சிறிய படத்துக்கு எட்டு என்பது மிக அதிகம். பெரிய படத்தில் அதே எட்டு மெல்லிசாகத்தான் தெரியும். ஏ4 அளவுக்கு ஆறிலிருந்து பத்து வரை எங்கள் கண்ணுக்குப் பிடித்திருக்கிறது. சிறிய எண்ணிலிருந்து தொடங்கிக் கூட்டிக்கொண்டு போங்கள்.

6. விரும்பினால் கடைசியில் 'அப்ளை கன்வஸ்' போடுங்கள். துணியில் வரைந்ததுபோல இழை தெரியும். உண்மையான கன்வஸ் துணியிலேயே அச்சிடப் போகிறீர்கள் என்றால் இது வேண்டாம்.

7. சேமிக்கும்போது கவனம்! 'சேவ்' கொடுத்தால் தாள்கள் எல்லாம் கிம்பின் சொந்தக் கோப்பில் பத்திரமாக இருக்கும். அச்சுக்குக் கொடுக்க 'எக்ஸ்போர்ட்' கொடுத்துப் புதுப்பெயர் வையுங்கள். 'ஓவர்ரைட்' என்று இன்னொன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள். ஏன் என்று சொல்கிறோம்.

எங்களுக்கு நடந்தது

எங்கள் அறையில் மூத்தவரை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். வன்னியில் ஒரு குளக்கரைக் கிராமம் அவருடையது. கடந்த வருடம் மனைவியும் ஆறு வயது மகளும் வந்து சேர, ஒரு சிறிய வீடு எடுத்துக்கொண்டு போனார். வீட்டுக்கு என்ன கொடுப்பது என்று யோசித்தோம். அவரிடம் ஊர்ப்படம் ஒன்றே ஒன்று இருந்தது. 2004இல், சமாதான காலத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த மாமா ஒருவர் சின்ன டிஜிற்றல் கமராவில் எடுத்தது. குளக்கட்டு, மூன்று பனை, பின்னால் வானம். கட்டின்மேல் தூரத்தில் குடத்தோடு ஒருவர் நடந்து வருவார். அது அண்ணையின் அம்மா. 2009இல் அவ இல்லாமல் போய்விட்டா. அவவின் படம் வேறெதுவும் மிஞ்சவில்லை.

அந்தப் படத்தை ஓவியமாக்கிக் கொடுப்போம் என்று முடிவெடுத்தோம். அண்ணைக்கும் சந்தோசம். இரவு வேலை முடிந்து வந்த களைப்பில், அவருடைய மெமரி கார்ட்டை நேரே கணனியில் செருகி வேலையைத் தொடங்கினோம். பெருப்பிக்கவில்லை, எட்டைப் போட்டோம். வானம் அற்புதமாக வந்தது. பனையோலைகள் பச்சைத் தீற்றல்களாக வந்தன. பார்த்துப் பார்த்து மகிழ்ந்தோம். பிறகு சிறிதாக்கியும் பெரிதாக்கியும் பார்க்காமல், அவசரத்தில் 'ஓவர்ரைட்' கொடுத்து மூடிவிட்டோம். அச்சிட்டு, சட்டம் போட்டு, வீடு குடிபுகும் நாளில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

எல்லோரும் நன்றாக இருக்கிறதென்றார்கள். பிள்ளை மாத்திரம் கிட்டப் போய் நின்று பார்த்தது.

"அப்பா, இதில அப்பம்மா வந்துகொண்டிருந்தவா எல்லே? எங்கை போயிட்டா?"

அந்தப் படத்தில் அம்மாவின் உயரம் இருபது புள்ளிகூட இல்லை. சுற்றியிருந்த மண்ணின் புள்ளிகள் அவவை விழுங்கிவிட்டன. அவ நின்ற இடத்தில் ஒரு மண்ணிறத் தீற்றல் மட்டுமே இருந்தது.

"அண்ணை, பழசை வேறை எங்கையும் வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்டோம்.

"இல்லையடா தம்பி. இது ஒண்டுதான்."

அவர் எங்களை ஒரு வார்த்தை ஏசவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அதுதான் எங்களுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

மென்பொருளில் குற்றமில்லை. பிரதி எடுக்காதது எங்கள் குற்றம், பெருப்பித்துப் பார்க்காததும் எங்கள் குற்றம். மாமாவுக்கு அறிவித்தோம். அவர் பழைய கணனி, பழைய சீடி, பழைய மின்னஞ்சல் என்று தேடத் தொடங்கினார். பதினொரு நாட்களுக்குப் பிறகு, எப்போதோ யாருக்கோ அனுப்பிய மின்னஞ்சல் ஒன்றின் இணைப்பில் அந்தப் படம் இருந்தது. அன்று அண்ணை வேலைத்தலத்தில் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, எங்களுக்குப் போனைத் திறந்து காட்டினார். குளக்கட்டில் அம்மா குடத்தோடு வந்துகொண்டிருந்தா.

எல்லோருக்கும் இப்படி ஒரு மாமா கிடைக்கமாட்டார்.

இரண்டாம் தடவை

திரும்பவும் செய்தோம், இம்முறை ஒழுங்காக. பிரதி எடுத்து, நான்கு மடங்கு பெருப்பித்து, மேல்தாளை ஓவியமாக்கினோம். அதன்பின் மேல்தாளுக்கு 'அட் லேயர் மாஸ்க்' கொடுத்து, வெள்ளை என்பதைத் தெரிவுசெய்தோம். மாஸ்க் என்பது ஒரு திரை. அதில் கறுப்புத் தூரிகையால் தடவும் இடமெல்லாம் மேல்தாளில் ஓட்டை விழுந்து கீழ்த்தாளிலுள்ள உண்மைப் படம் தெரியும். பிழைத்தால் வெள்ளையால் தடவி மூடிவிடலாம். விளிம்பு மென்மையான தூரிகையாக எடுத்து, அம்மா நிற்கும் இடத்தை மட்டும் மெல்ல மெல்லத் தடவினோம். வானமும் பனையும் குளமும் ஓவியமாகவே இருக்க, அவ மாத்திரம் புகைப்படத்தில் இருந்தபடியே திரும்பி வந்தா.

அந்த ஓவியம்தான் இப்போது அண்ணை வீட்டுச் சுவரில் இருக்கிறது. அருகே, ஒன்றும் செய்யாத மூலப்படம் சிறிய அளவில் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் ஊர், வருடம், எடுத்தவர் பெயர், நிற்பவர் பெயர் நான்கையும் அண்ணை எழுதி வைத்திருக்கிறார்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அபுதாபியைச் சேர்ந்த அல் ஐன் நகரில் ஜாஹிலி என்ற பழைய மண்கோட்டை இருக்கிறது. அங்கே வில்பிரட் தெசிகர் என்ற ஆங்கிலேயர் எடுத்த படங்களுக்கென்று ஒரு கண்காட்சி அமைத்திருக்கிறார்கள். 1940களின் பிற்பகுதியில் பெதுயீன் மக்களோடு ஒட்டகத்தில் 'ருப் அல் காலி' என்னும் பெரும்பாலையைக் கடந்தவர் அவர். எண்ணெய்ப் பணம் வருமுன் இந்நாட்டவர்கள் வாழ்ந்த வாழ்வு அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களில் இருக்கிறது. இன்று வசதியாக வாழும் இந்நாட்டவர்களே தங்கள் பாட்டன்மாரின் கிணற்றையும் ஒட்டகத்தையும் முகத்தையும் அங்கே வந்துதான் பார்க்கிறார்கள். படங்களின் மூல நெகற்றிவ்கள் இங்கிலாந்தில் ஒரு நூதனசாலையில் பத்திரமாகக் கிடப்பதால்தான் அது முடிகிறது. நாடு இருக்கும் மக்களுக்கே மூலப்படம் இவ்வளவு தேவையென்றால், எங்களுக்கு?

ஒரு குளக்கட்டும் எல்லைப் பனையும் கிணறும் நாளைக்குக் காணி அலுவலிலும் பேச வேண்டி வரலாம். உறுதி தொலைந்தவர்கள் எம்மில் எத்தனை பேர்! மூலக் கோப்பில் எடுத்த திகதியும் நேரமும் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருக்கும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினாலோ சில அப்களில் மாற்றினாலோ படம் சுருங்கி அந்தத் தகவலும் போய்விடும். ஆகவே மூலப்படத்தை மூன்று இடத்தில் வையுங்கள். கையில் ஒன்று, கணனியிலோ மின்னஞ்சலிலோ ஒன்று, வேறு நாட்டிலுள்ள உறவினரிடம் ஒன்று.

அதன்பிறகு விருப்பம்போல விளையாடுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திப் பழக்குங்கள். இங்குள்ள வன்னி மரத்தை அவர்கள் ஓவியமாக்கட்டும், அங்குள்ள வன்னியைப் பற்றி நீங்கள் கதை சொல்லுங்கள். வேலை முடிந்ததும், சேமிக்க முன்னர், ஒருதரம் படத்தைப் பெருப்பித்து மூலை மூலையாகப் பாருங்கள். யாராவது காணாமல் போயிருக்கிறார்களா என்று.